கழிவுநீர் வழக்கு: நாங்கள் எடுத்த மாதிரி செல்லுமா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடையில் எட்டு மாதமாகத் தொழிற்சாலைக் கழிவுநீர் கலக்கிறது. இரவு மழையில்தான் திறந்துவிடுகிறார்கள். விடிந்தால் சாம்பல் நிறத் தண்ணீர், நுரை, அழுகல் நாற்றம். கீழ் லயத்துச் (தொழிலாளர் வரிசை வீடுகள்) சனம் இதில்தான் குளிக்கிறது. பிள்ளைகளின் கால் முழுக்கச் சிரங்கு, பார்க்கவே மனசு தாங்கவில்லை.

தோட்ட முகாமையாளரான துரையிடம் சொன்னோம். அப்புறம் பிரதேச சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர். தொழிற்சாலையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தின் பிரதி கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தோம்; 14 வேலை நாள் தாண்டியும் பதில் இல்லை, மேன்முறையீடும் போட்டாயிற்று. திகதியோடு படங்களும் மூன்று போத்தல் தண்ணீரும் கையில் இருக்கின்றன.

இனி குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில், பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றம் போக நினைக்கிறோம். அங்கே நாங்களே எடுத்த தண்ணீர் மாதிரியை ஏற்பார்களா, அதிகாரி முன்னிலையில் எடுத்ததுதான் வேண்டுமா?