தோட்டத்துக்கு எந்த மடக்குக் கத்தி வாங்கலாம்?

கேள்வி: ஏற்காட்டில் சின்னக் காப்பித் தோட்டம், கூடவே மிளகு. கயிறு அறுக்க, சாக்கு பிரிக்க, பழம் நறுக்க பையில் ஒரு மடக்குக் கத்தி வேண்டும். சேலம் கடைகளில் கிடைப்பதே போதுமா, இல்லை சுவிஸ் விக்டோரினாக்ஸ், பிரெஞ்சு ஒபினல் என்று பல மடங்கு பணம் கொடுக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டைக்காரர்: எந்த நாடு என்பதை விட எஃகை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்று பாருங்கள். பாத்திரம் செய்கிற 304 வகையை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது, அதில் அலகு செய்தால் கூர் நிற்காது, ஆனால் கடையில் யாரும் எஃகு வகையைச் சொல்லி விற்பதில்லை. விக்டோரினாக்ஸ் அலகு ராக்வெல் என்கிற கடினத்தன்மை அளவில் 56 போல இருக்கும். சாதாரண சாணைக்கல்லிலேயே தீட்டிவிடலாம், லேசில் துருவும் பிடிக்காது. கொடுக்கிற காசு அதற்குத்தான். சின்ன மாடல்களில் அலகுக்குப் பூட்டு கிடையாது, விரல் பத்திரம்.

மலைவாசி: ஒபினல் என்றால் துருப்பிடிக்காத எஃகு வகையையே கேட்டு வாங்குங்கள் அண்ணா. கார்பன் எஃகு அருமையாக வெட்டும், ஆனால் நம்ம பனிமூட்டத்தில் துடைக்காமல் வைத்தால் துருதான். மரப்பிடி மழையில் ஊறினால் அலகு திறக்கவே மறுக்கும்.

பட்டறைக்காரர்: கிளை கழிக்க மட்டும் மடக்குக் கத்தியைத் தொடாதீர்கள், அச்சு ஆடிப்போகும். அதற்கு லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த நம்ம ஊர்க் கத்திதான், எந்த வெளிநாட்டுக் கத்தியும் பக்கத்தில் வராது.

கேட்டவர்: சரி, அப்போது பைக்கு விக்டோரினாக்ஸ், கவாத்துக்குப் பட்டறைக் கத்தி. பிடிக்கு என்ன மரம் போடுவீர்கள் அண்ணா?