மட் நிரலில் ஜிமெயிலுக்கு ஓஆத் 2 அமைப்பது எப்படி?

கேள்வி (கொக்குவில்):
வணக்கம். வீட்டு இணைப்பு மந்தமாகும் இரவுகளிலும் கடிதங்கள் உடனே திறப்பதால், முனையத்தில் இயங்கும் மட் (Mutt) என்னும் மின்னஞ்சல் நிரலையே பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். புதிதாகச் சேர்த்த ஜிமெயில் கணக்கில் மட்டும், கடவுச்சொல் சரியாக இருந்தும் ஐமேப் (சேவையகத்தில் உள்ள அஞ்சலைப் படிக்கும் நெறிமுறை) உள்நுழைவு மறுக்கப்படுகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி (நல்லூர்):
தம்பி, பிழை உங்களுடையது அன்று. தனிநபர் கணக்குகளில் கடவுச்சொல்லை மட்டும் கேட்கும் செயலிகளைக் கூகுள் 2022 மே இறுதியில் தடுத்துவிட்டது. அதற்கு மாற்றுத்தான் ஓஆத் 2, அதாவது செயலியிடம் கடவுச்சொல்லைத் தராமலே அனுமதி அளிக்கும் முறை. இதில் உலாவியில் ஒருமுறை அனுமதி அளித்தால் இரண்டு டோக்கன்கள் (அனுமதிச் சீட்டு போன்ற குறியீடுகள்) கிடைக்கும்: சேவையகத்திடம் காட்டும் அணுகல் டோக்கன் ஏறத்தாழ ஒரு மணி நேரமே செல்லும், அது காலாவதியானதும் புதியதை வாங்கித் தருவது புதுப்பிப்பு டோக்கன். இதைச் செய்யும் பைத்தன் நிரல் மட்டின் மூலநிரற் பொதியிலேயே இருக்கிறது. கூகுள் கிளவுட் தளத்தில் ஒரு செயற்றிட்டம் உருவாக்கி, அங்கு கிடைக்கும் அடையாள எண்ணையும் இரகசியக் குறியீட்டையும் அந்நிரலில் எழுதி, அமைவுக் கோப்பில் ஐமேப், எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்பும் நெறிமுறை) இரண்டுக்கும் டோக்கன் புதுப்பிக்கும் கட்டளையாக அதனையே குறிப்பிடுங்கள். டோக்கன் கோப்பை ஜிபிஜி என்னும் குறியாக்க நிரல் கொண்டு மறைகுறியாக்க மறவாதீர்கள்; அது கடவுச்சொல்லுக்கு நிகரானது.

கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா, அஞ்சல் வந்தது. ஆனால் சரியாக ஒரு வாரத்தில் மீண்டும் மறுக்கப்பட்டது.

மறுமொழி (சுன்னாகம்):
உங்கள் செயற்றிட்டம் இன்னும் சோதனை நிலையில் இருக்கிறது. அந்நிலையில் புதுப்பிப்பு டோக்கன் 7 நாட்களில் காலாவதியாகும். அனுமதித் திரை அமைப்பில் அதனை வெளியீட்டு நிலைக்கு மாற்றி, மீண்டும் ஒருமுறை அனுமதி பெறுங்கள். சரிபார்க்கப்படாத செயலி என்று எச்சரிக்கை தோன்றும். செயலி உங்களுடையதே என்பதால் தொடரலாம்.