பி.ஆர். நிலுவையில் இருக்கும்போது கனடா கல்வி அனுமதி: என் அனுபவம்

சஸ்காட்செவன் மாகாணப் பரிந்துரையின் பேரில் நான் அளித்திருந்த நிரந்தரக் குடியிருப்பு (பி.ஆர்.) விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோதே, சாஸ்கட்டூனில் உள்ள சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் முதுகலைக்கு இடம் கிடைத்தது. பி.ஆர். முடிவு எப்போது வருமென்று தெரியாத நிலையில் சேர்க்கையை மேலும் தள்ளிப்போட இயலாததால், கல்வி அனுமதிக்கும் விண்ணப்பித்தேன்.

கோவையில் நான் அணுகிய ஆலோசகர் ஒருவர், பி.ஆர். பற்றி மூச்சு விடக்கூடாது என்றார். இதே அறிவுரை இன்னும் பலருக்குச் சொல்லப்படுவதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். இரண்டு விண்ணப்பங்களையும் பரிசீலிப்பது ஒரே குடிவரவுத் துறை. கனடாவுக்கு முன்பு விண்ணப்பித்ததுண்டா என்று படிவமே கேட்கிறது. அங்கே பொய் சொல்லி அகப்பட்டால், குடிவரவுச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி 5 ஆண்டுத் தடை வரக்கூடும், பி.ஆர். விண்ணப்பமும் அதோடு போய்விடும். மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. நிரந்தரமாகக் குடியேறும் விருப்பம் ஒருவருக்கு இருப்பதாலேயே தற்காலிக அனுமதியை மறுக்க முடியாது என்று அதே சட்டத்தின் 22(2) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அனுமதிக் காலம் முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேறுவார் என்று அதிகாரி நம்ப வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது, பெரும்பாலோர் இடறுவது இங்கேதான்.

ஆகவே என் விளக்கக் கடிதத்தில் பி.ஆர். விண்ணப்ப எண்ணை முதல் பத்தியிலேயே குறிப்பிட்டு, அது மறுக்கப்பட்டால் என்ன செய்வேன் என்பதைத்தான் அதிகமாக எழுதினேன். நான் பணிபுரியும் மண் பரிசோதனைக் கூடம் படிப்புக்காக ஊதியமில்லா விடுப்பு தந்து, திரும்பியதும் பதவி உயர்வுடன் சேர்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்த கடிதமே என் வலுவான சான்று என்று நினைக்கிறேன். சொத்துப் பத்திரங்களை அடுக்குவதைவிட, திரும்பி வந்து செய்யப்போகும் வேலையைக் காட்டுவது நம்பும்படியாக இருக்கிறது. நிதிச் சான்றைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 1 முதல் கியூபெக்குக்கு வெளியே படிக்கும் தனிநபர், கல்விக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும்.

அனுமதி கிடைத்தது. விமான நிலையத்தில் பெர்மிட்டை அச்சிட்டுத் தந்த அதிகாரியும் பி.ஆர். பற்றிக் கேட்டார்; பரிசீலனையில் உள்ளது, இப்போது படிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன், அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அங்கே போய்ச் சேர்ந்ததும் புதிய முகவரியையும் படிப்பு விவரத்தையும் பி.ஆர். கோப்பில் இணையவழியாகத் தெரிவித்துவிடுங்கள். துறை அனுப்பும் கடிதங்கள் பழைய முகவரிக்குப் போய்விடக் கூடாது.