பேய்ப் படத்தில் பழியை யார் முடிப்பது? நீங்கள் பார்த்த இரவுகளைச் சொல்லுங்கள்

கொக்குவில்

சின்னச் செலவில் எடுத்த பேய்ப் படங்களைப் பற்றிக் கதைப்போம். அதிலும் அநியாயமாகச் செத்த ஒருத்தி திரும்பி வந்து பழி தீர்க்கும் கதைகள், சாமி இறங்கி வந்து கணக்கு முடிக்கும் கதைகள். எங்களில் பலர் இவற்றைத் தியேட்டரில் பார்க்கவில்லை, முற்றத்தில்தான் பார்த்தோம். நானே தொடங்குகிறேன்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் படம் போடுவது என்றால் அது ஒரு சின்னத் திருவிழா. ரீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வரும். ஜெனரேற்றரைத் துளி பெற்றோலில் இழுத்து ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். வீட்டுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய் பங்கு. ஓர் இரவில் மூன்று படம். சாமிப் படம்தான் முதலில் ஓடும், கிழவிகள் நித்திரை தூங்க முன்னர் பார்க்க வேண்டுமே.

அன்று போட்டது ஓர் அம்மன் படம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கிய ராம நாராயணன் பாம்பையும் யானையையும் குரங்கையும் நடிக்க வைத்து எடுப்பாரே, அந்த வகை. ஊர்ப் பெரியவன் ஒருவன் ஏழைப் பெண்ணின் குடும்பத்தை அழிக்கிறான். அவள் கோயிலில் போய் விழுந்து அழுகிறாள். கடைசியில் அம்மன் சூலத்தோடு வருகிறாள். பாம்பு ரப்பர் என்பது பத்து வயதுப் பெடியனான எனக்கே தெரிந்தது. நாங்கள் பின்வரிசையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தோம்.

சூலம் இறங்கியபோது எனக்கு முன்னால் பாயில் இருந்த பக்கத்து வீட்டு ஆச்சி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். அவருடைய மூத்த மகன் அதற்கு முந்தைய வருடம் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது பீரங்கிச் செல் விழுந்து செத்தவர். செல்லை அடித்தவனை ஆர் கண்டது? பெயர் இல்லை, முகம் இல்லை, வழக்கு இல்லை. படம் முடிந்து ஜெனரேற்றர் நின்ற பிறகு, இருட்டில் ஆச்சி என் அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பாத்தியே பிள்ளை, அம்மாளாச்சி வந்தவ."

அன்றிலிருந்து ரப்பர் பாம்பைப் பார்த்து நான் சிரித்ததில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.


நவாலி

நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் அம்மன் படத்துக்கு இடமில்லை, ஆனால் பிசாசுப் படத்துக்கு இருந்தது. மாமா எங்கிருந்தோ ஆங்கிலக் கசெற் கொண்டுவருவார். ஒன்றும் விளங்காது. சிலுவையைக் காட்டினால் பிசாசு பின்னால் போகும், கோயில் வாசற்படியைத் தாண்டி அதால் உள்ளே வர ஏலாது, இவ்வளவும் விளங்கும். அது எனக்குப் போதும். பயந்தால் ஓடிப்போக ஓர் இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படுப்பேன்.

1995 ஜூலை 9 அன்று, தஞ்சம் தேடி வந்த சனம் நிறைந்திருந்த நேரத்தில், நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தின்மீது விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதில் எங்கள் சொந்தமும் உண்டு. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுதப் போவதில்லை.

சொல்ல வந்தது இதுதான். அதற்குப் பிறகு எந்தப் பேய்ப் படத்திலும், யாராவது தேவாலயத்துக்குள் ஓடிக் கதவைச் சாத்தினால் என்னால் பார்க்க முடியாது, எழும்பிப் போய்விடுவேன். எனக்கு விசுவாசம் போகவில்லை. ஞாயிறு பூசைக்கு இன்றும் போகிறேன். பழிவாங்குதல் எனக்குரியது என்று ஆண்டவர் சொல்லும் வசனத்தைச் சுவாமி வாசிக்கும்போது தலை குனிந்துதான் கேட்கிறேன். ஆனால் அந்தக் கதவுக் காட்சியை எடுக்கிறவர்களிடம் ஒன்று கேட்க ஆசை. உள்ளே இருந்தவர்களுக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?


காரைநகர்

நவாலிப் பதிவை வாசித்துவிட்டு வெகுநேரம் எதையும் எழுதவில்லை. வணக்கம் மட்டும்.

என் அனுபவம் படத்துக்கு முந்தியது. சின்ன வயதில் காத்தவராயன் கூத்து விடிய விடியப் பார்த்திருக்கிறேன். கழுமரம் ஏறும் கட்டம் வரும் வரைக்கும் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். நேர்த்திக்காக ஆடுகிற கூத்து அது, பார்க்கிறவர்களும் நேர்த்தியோடுதான் இருப்பார்கள். பிறகு ரீவியில் சாமிப் படம் பார்த்தபோது அது எனக்குப் புதிதாகவே இருக்கவில்லை. அதே மாரியம்மன், அதே உடுக்கு. மேடை மட்டும் சின்னதாகிவிட்டது.


திருநெல்வேலி (எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிதான்)

கொக்குவில் ஆச்சியின் கும்பிடு எனக்கு இரண்டு வெளிநாட்டுப் படங்களை ஞாபகப்படுத்தியது. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1960இல் சுவீடனில் இங்மார் பேர்க்மன் 'த வெர்ஜின் ஸ்பிரிங்' எடுத்தார். பழைய நாட்டார் பாடல் ஒன்றின் கதை. கோயிலுக்கு மெழுகுதிரி கொண்டுபோகிற மகளை இடையர்கள் கெடுத்துக் கொல்கிறார்கள். அன்றிரவு தெரியாமல் அவளுடைய வீட்டிலேயே வந்து தங்கி, அவளுடைய உடுப்பைத் தாயிடமே விற்கப் பார்க்கிறார்கள். தகப்பன் பக்தியுள்ள மனிதர். குளித்து, ஆயத்தமாகி, அவர்களைக் கொல்கிறார். அவர்களோடு வந்த சின்னப் பெடியனையும் கொல்கிறார். அவன் ஒரு குற்றமும் செய்யாதவன். பிறகு மகளின் உடலுக்குப் பக்கத்தில் நின்று கடவுளைக் கேட்கிறார்: நீ இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? அதே மூச்சில் மன்னிப்பும் கேட்டு, இந்த இடத்தில் உனக்குக் கோயில் கட்டுவேன் என்கிறார். உடலைத் தூக்கிய இடத்தில் ஊற்று பொங்குகிறது.

1972இல் அமெரிக்காவில் வெஸ் கிரேவன் இதே கதையை ஒரு இலட்சம் டொலருக்கும் குறைந்த செலவில் பேய்ப் படக்காரர்களின் முறையில் எடுத்தார். படம் 'த லாஸ்ட் ஹவுஸ் ஆன் த லெஃப்ட்'. கிரேவன் வளர்ந்தது கடுமையான பப்ரிஸ்ற் குடும்பத்தில், சினிமா பார்ப்பதே பாவம் என்ற வீட்டில். அவர் எடுத்த படத்தில் கோயிலும் இல்லை, ஊற்றும் இல்லை. பழி முடிந்ததும் தாயும் தகப்பனும் இரத்தத்தோடு மிஞ்சுகிறார்கள், அவ்வளவுதான். கடவுளை விட்டு வந்த பிள்ளைதான் அந்த வெறுமையை இப்படி எடுக்க முடியும் என்று எனக்குப் படுகிறது.

இரண்டிலும் பழியை மனிதன் தன் கையால் முடிக்கிறான். எங்கள் அம்மன் படங்களில் அப்படி நடக்காது. அழுகிறது மட்டும்தான் பெண்ணின் வேலை, கொல்லுகிறது தெய்வத்தின் வேலை. இதைப் பலர் பலவீனமான கதை என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மனிதனுக்குக் கொல்ல அனுமதி இல்லை என்கிற கண்டிப்பு அதற்குள் இருக்கிறது.

ஒருத்தி மட்டும் விலக்கு. கண்ணகி. அவள் தெய்வத்துக்காகக் காத்திருக்கவில்லை, மதுரையைத் தானே எரித்தாள். ஆனால் சிலப்பதிகாரத்தில் தீக்கடவுளுக்கு அவள் சொன்னதைப் பாருங்கள். அறவோரை, பசுவை, பத்தினிப் பெண்களை, முதியவரை, குழந்தையை விட்டுவிடு, தீயவர் பக்கம் மட்டும் போ என்கிறாள். அந்தச் சுவீடன் பெடியன் மதுரையில் இருந்திருந்தால் பிழைத்திருப்பான்.

அதோடும் முடியவில்லை. கண்ணகியின் கோபம் ஆற வேண்டும் என்பதற்காக மட்டக்களப்புப் பக்கத்தில் வைகாசியில் குளிர்த்திச் சடங்கு செய்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பொங்கல் வைக்கிறோம். முல்லைத்தீவு வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கெரிகிறது என்று சனம் நம்பிக் கூடுகிறது. ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைக் கடுமையாக எதிர்த்தார். அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்களுக்கு வேறு அம்மன் பெயர் வந்தது. பெயர் மாறினாலும் பொங்கல் நிற்கவில்லை. நான் பார்த்த பழிவாங்கும் படங்கள் எல்லாம் எரிப்பதோடு முடிந்துவிடுகின்றன. குளிர்த்தியை யாரும் எடுப்பதில்லை. காசில்லாதவர்களும் எடுக்கக்கூடிய காட்சிதான் அது, ஒரு பானை தண்ணீரும் ஒரு பிடி வேப்பிலையும் போதும்.


கோண்டாவில்

காசு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு வரி. 'த பிளேயர் விட்ச் புரொஜெக்ட்' 1999இல் வந்தபோது சில குச்சிகளைக் கட்டித் தொங்கவிட்டே உலகத்தைப் பயமுறுத்தினார்கள். இங்கே அதற்குக்கூடச் செலவு இல்லை. சந்தியில் வெட்டிப் போட்ட தேசிக்காயைக் கமராவில் காட்டினால் போதும், பார்க்கிறவர் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்வார். கழிப்புக் கழித்ததை, அதாவது தோஷம் போக்க வெட்டிப் போட்டதை, தாண்டிப் போகாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாங்கள்.


அளவெட்டி

நான் பார்த்த கதை இல்லை, எடுத்த கதை. நாங்கள் நாலு பெடியள், ஒரு இரவல் கமரா, மூன்று இரவு. வலிகாமம் வடக்கில் இராணுவம் விடுவித்த காணியில் கூரை இல்லாத ஒரு வீடு கிடைத்தது. சுவருக்குள்ளே ஆலங்கன்று முளைத்திருந்தது. கதை வழக்கமானதுதான். அந்த வீட்டில் கொல்லப்பட்ட ஒருத்தி ஆவியாக வந்து, கொன்றவனைத் தேடிப் பழி வாங்குகிறாள்.

முதல் இரவே பக்கத்து வளவிலிருந்து ஓர் அம்மா டோர்ச் லைற்றோடு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். வேப்பமரத்தடியில் இருந்த வைரவர் சூலத்தைக் காட்டி, "அவருக்கு ஒரு கற்பூரம் கொளுத்திப்போட்டுத் தொடங்குங்கோ தம்பியவை" என்றார். கொளுத்தினோம். பிறகு ஒரு கல்லில் இருந்து கடைசி வரைக்கும் பார்த்தார். இரண்டாம் இரவு தேத்தண்ணி கொண்டுவந்தார். அப்போதுதான் கதை என்ன என்று கேட்டார். நான் ஆசையோடு முழுக்கச் சொன்னேன். அநியாயமாய்ச் செத்ததுகள் திரும்பி வந்து நியாயம் கேட்கிறதுதான் அம்மா கதை என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செத்தாத்தானே தம்பி பேயாய் வரலாம்" என்றார். "என்ரை மூத்தவனை 2009இலை ஆமியின்ரை கையிலை குடுத்தனான். செத்தவன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் எப்பிடி அவனைப் பேயாய் நினைக்கிறது?"

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியில் படத்தோடு இருப்பதை எத்தனையோ தரம் கடந்து போயிருக்கிறேன். ஆவி வரும் கதை அவர்களுடைய காதில் எப்படி விழும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஆவி வந்தால் பிள்ளை செத்துவிட்டான் என்று அர்த்தம். அந்த அம்மாவுக்குப் பழியும் வேண்டாம், ஆவியும் வேண்டாம். ஆள் வேண்டும்.

மூன்றாம் இரவு நாங்கள் ஆவியை எடுக்கவில்லை. நடிக்க வந்த அக்கா முகத்து மாவைக் கழுவிவிட்டு, அந்த வீட்டு வாசலில் விளக்கோடு நின்றார். உள்ளே யாரோ நடக்கும் சத்தம் மட்டும் வைத்தோம். யார் என்று காட்டவில்லை. படம் ஒன்பது நிமிடம் வந்திருக்கிறது. பேய்ப் படம் என்று சொல்லலாமா என்று நண்பர்களுக்குள் இன்னும் சண்டை.

போன கிழமை லப்ரொப்பில் அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். சத்தம் வரும் இடத்தில், "கொஞ்சம் கூட்டிவிடு தம்பி, கேக்கேல்லை" என்றார். கூட்டினேன். திரும்பவும் அந்த இடத்திலிருந்து போடச் சொன்னார்.