தீனியாத் வகுப்பில் கடைக் கணக்கு கற்பிக்கலாமா?

திருவல்லிக்கேணி ஆசிரியர்:
அஸ்ஸலாமு அலைக்கும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வாரம் இரண்டு பீரியட் தீனியாத் (இஸ்லாமிய மார்க்கப் பாடம்) நடத்துகிறேன். ஏழைவரியான ஜகாத் இரண்டரை சதவீதம் என்று தடையின்றிச் சொல்லும் மாணவருக்கு, பர்மா பஜாரில் உள்ள தம் தந்தையின் கடைக்கு அதைக் கணக்கிடத் தெரியவில்லை. ஓதும் நேரத்தைக் குறைக்காமல், இன்றைய தொழிலுக்கு உதவும் திறன்களை இப்பாடத்தின் வழியே கற்பிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

கணக்குப்பதிவியல் ஆசிரியை, ராயப்பேட்டை:
வ அலைக்கும் ஸலாம். ஜகாத்திலேயே தொடங்குங்கள். சரக்கு 3,00,000 ரூபாய், ரொக்கம் 50,000, வர வேண்டிய பாக்கி 30,000, கொடுக்க வேண்டியது 80,000 என்று ஒரு கற்பனைக் கடையைக் கரும்பலகையில் எழுதினால், அலமாரியையும் தராசையும் ஏன் சேர்க்கவில்லை என்று ஒருவராவது கேட்பார். நிலைச் சொத்துக்கும் நடப்புச் சொத்துக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும். கொடுக்க வேண்டியதைக் கழித்து மிஞ்சும் 3,00,000-க்கு ஜகாத் 7,500 ரூபாய்.

மண்ணடி வியாபாரி:
ஹனஃபி மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பள்ளியின்) முறைப்படி டீச்சரின் விடை சரி. ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்தில் கடனைக் கழிப்பதில்லை என்பதால் 9,500 வரும். சென்னையில் இரு மத்ஹபுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் ஹஜ்ரத்.

என்னைக் கேட்டால், கணக்கைவிட எழுத்துதான் அவசரம். குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, தவணைக் கடனைச் சாட்சிகளோடு எழுதி வைக்கச் சொல்கிறது. அதை எத்தனையோ முறை ஓதிய நானே, மைத்துனரின் செல்போன் கடைக்கு வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கொடுத்தேன். கடை நொடித்தபோது, கொடுத்தது கடனா, முளாரபா (ஒருவர் முதல் போட, மற்றவர் உழைத்து, லாபத்தைப் பகிரும் கூட்டு) முதலீடா என்பதே தகராறாகிவிட்டது. கடன் என்றால் அவர் திருப்பித் தர வேண்டும். முளாரபா என்றால், அவரிடம் அலட்சியமோ மோசடியோ இல்லாதவரை, பண நட்டம் முதல் போட்ட என்னைச் சேரும், அவருக்கு உழைப்பு வீண். ஒரு பக்கத் தாள் இருந்திருந்தால் இன்றும் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இருந்திருக்கும்.

பெரியமேட்டுத் தாய்:
பாகப்பிரிவினையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடனும் வஸிய்யத்தும் (உயிலில் எழுதியதும்) போக 24 லட்சம் மிஞ்சி, மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் மட்டும் வாரிசுகள் என்றால், மனைவிக்கு எட்டில் ஒன்றாக 3 லட்சம், மகனுக்குப் பத்தரை, மகள்களுக்கு ஆளுக்கு ஐந்தேகால் லட்சம். அல்குவாரிஸ்மியின் அல்ஜிப்ரா நூலிலேயே இத்தகைய கணக்குகளுக்குப் பெரும் பகுதி உண்டு. ‘அண்ணனுக்கு விட்டுக்கொடும்மா’ என்று தாளை நீட்டும்போது, கையெழுத்திடுவதற்கு முன் தன் பங்கு எவ்வளவு என்பதை மகளே கணக்கிட்டுவிட வேண்டும்.

திருவல்லிக்கேணி ஆசிரியர்:
ஜஸாகல்லாஹு கைர். சொந்தக் கடைக் கணக்கைக் கேட்டால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். கற்பனைக் கடையே நல்லது. மண்ணடி பாய், முளாரபா ஒப்பந்தத்திற்கு எளிய மாதிரி ஒன்று இருந்தால் இங்கேயே பதியுங்கள்.