தீவில ஆஸ்பத்திரியும் சமூக சேவையும் ஒண்டா வேலை செய்யேலாதோ?

கேள்வி: அம்மம்மா நெடுந்தீவில தனிய இருக்கிறா, 80 தாண்டிட்டுது, பிரஷர் சுகர் ரெண்டும் இருக்கு, பெரிய டொக்டரைக் காட்டுறதெண்டால் ஒரு மணித்தியாலம் போட்டில குறிகாட்டுவான் வந்து அங்கயிருந்து பஸ்ஸில யாழ்ப்பாணம், கடல் அடிச்சால் அதுவும் இல்லை. மருந்து ஆஸ்பத்திரிப் பக்கம், முதியோர் காசு பிரதேச செயலகம், ஒரு ஆளுக்கு ரெண்டு ஃபைல். இதைச் சேர்த்து நடத்துற இடம் எங்கயும் இருக்கோ?

பதில் 1: இருக்கு. ஸ்கொட்லாந்தில 2014ல சட்டமே போட்டவை, சுகாதார சபையும் சமூக சேவையைப் பாக்கிற உள்ளூர்க் கவுன்சிலும் சேவைகளைச் சேர்த்து நடத்தோணும் எண்டு; கனக்க இடங்களில ஒரு கூட்டுச் சபைதான் பொதுக் காசை வச்சு அதை நடத்துது. அங்க வடக்குக் கரைக்கு அப்பால இருக்கிற ஓர்க்னித் தீவுகளிலயும் அப்பிடித்தான். ஆஸ்பத்திரியால வீட்டை அனுப்பேக்கையே ஆர் வந்து குளிக்க வார்க்கிறது, ஆர் மருந்து குடுக்கிறது எண்டு சேர்ந்து பிளான் பண்ணுறதுதான் நோக்கம்.

பதில் 2: சும்மா சொர்க்கம் மாதிரிச் சொல்லாதேங்கோ 😄 நான் ஓர்க்னியில கெயார் வேலை (வயசானவையை வீட்டை போய்ப் பராமரிக்கிறது) செய்தனான், சபை ஒண்டானாலும் ஆள் பத்தாது, சின்னத் தீவுகளுக்கு கெயாரர் பிடிக்கிறது பெரும்பாடு. ஸ்பெஷலிஸ்டுக்குக் கடல் தாண்டி அபர்டீன் நகரத்துக்குப் போறவையும் கனபேர்.

பதில் 1: அதுவும் சரிதான், கடலைச் சட்டத்தால நிரவேலாது.

பதில் 3: தங்கச்சி, இஞ்ச மாகாண சுகாதாரம் வேற, பிரதேச செயலகம் வேற, மேலயிருந்து மாறுமட்டும் பாத்துக்கொண்டிருக்காமல் குடும்பநல மாதுவையும் சமூக சேவை உத்தியோகத்தரையும் ஒருநாள் ஒண்டா வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டுப்பாருங்கோ. கிளினிக் கொப்பியை ஃபோட்டோ எடுத்து வையுங்கோ, இரவில நேவி போட்டில ஏத்தவேண்டி வந்தால் அதுதான் உதவும்.

கேள்வி கேட்டவர்: கொப்பி விஷயம் யோசிக்கவே இல்லை, நன்றி அண்ணை.