அமெச்சூர் ரேடியோ, 7 மெகாஹேர்ட்ஸ் குட்டை அன்ரெனா: எனக்குக் கேட்கிறது, என்னை யாருக்கும் கேட்கவில்லை

உப்புவெளி_40: அவசரம். முழுநீளக் கம்பியை வீட்டுக்காரர் கழற்றச் சொல்லிவிட்டார். இப்போது குட்டை ஒன்று. எல்லோரும் முன்பு போலவே தெளிவாகக் காதில் விழுகிறார்கள், நான் கூப்பிட்டால் ஒருவரும் திரும்புவதில்லை. எஸ்.டபிள்யூ.ஆர் (அன்ரெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் கச்சிதம்) 1.2 தான். ரேடியோ பழுதா?

நிலாவெளி: குட்டை என்றால் எத்தனை மீற்றர்? ரேடியல், அதுதான் அடியில் நிலத்தில் விரிக்கும் வயர், எத்தனை?

கொட்டியாரம்: கடற்காற்று. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பச்சை பிடித்திருக்கும்.

பழைய_ஓப்பரேற்றர்: 1.2 என்று பெருமையாக எழுதும்போதே விளங்கிவிட்டது. குட்டைக் கம்பியை 7க்கு ஒத்திசைக்கும் கொயில் எங்கே என்று சொல்ல மாட்டீர்கள், நாங்கள் சாத்திரம் பார்க்க வேண்டும்.

உப்புவெளி_40: மன்னிக்கவும் ஐயா. 2.5 மீற்றர், கொயில் அடியில், கோஆக்ஸ் கேபிள் நேரே. மணலில் 2 வயர். 100 வற்ஸ்.

பழைய_ஓப்பரேற்றர்: முழுநீளம் என்றால் கால் அலை (அலைநீளத்தில் கால்வாசி), 10 மீற்றர், கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியேறும் சக்திக்குரிய தடை, 36 ஓம் வரை. உங்கள் குட்டைக்கு ஒன்றரை ஓம்கூட இல்லை. மச்சிங் (தடையைப் பொருத்தும் சுற்று) இல்லாமல் 1.2 காட்டுகிறதென்றால் மொத்தம் கேபிளின் 50 ஓமுக்குக் கிட்ட வருகிறது, மிச்ச 40 ஓமும் மணலும் கொயிலும் தின்னும் இழப்பு. 100 வற்ஸில் 3 வற்ஸ்தான் வானத்துக்கு. மீதி மண்புழுவுக்கு.

நிலாவெளி: கேட்பதில் வித்தியாசம் தெரியாததற்கும் காரணம் உண்டு. 7இல் வெளி இரைச்சலே அதிகம். குட்டை அன்ரெனா குரலையும் இரைச்சலையும் சேர்த்தே குறைக்கும், அதனால் குரல் அதே தெளிவில் நிற்கும்.

கொட்டியாரம்: படகுக்காரர் அரை மீற்றர் கம்பியில்தானே பேசுகிறார்கள்?

பழைய_ஓப்பரேற்றர்: தம்பி, படகுக்காரர் பேசும் சனல் 16 என்பது 156.8 மெகாஹேர்ட்ஸ். அங்கே கால் அலையே 48 சென்ரிமீற்றர். அது குட்டை இல்லை, முழுநீளம்!

கொட்டியாரம்: அதட்டாமலும் சொல்லலாம்.

நிலாவெளி: சண்டை வேண்டாம். சென்னைதான் குறி என்றால் உப்புவெளியிலிருந்து 500 கிலோமீற்றர் சொச்சம். பகலில் தாழக் கட்டிய டைபோல் (நடுவில் கேபிள் பூட்டும் கிடைக்கம்பி) நிமிர்ந்த கம்பியை வெல்லும்.

பழைய_ஓப்பரேற்றர்: வீட்டுக்காரர் நீளக் கம்பியைக் கழற்றச் சொல்லிவிட்டார் என்கிறார், நீங்கள் 20 மீற்றர் டைபோல் விற்கிறீர்கள். உப்புவெளி, கொயிலை நடுவுக்கு ஏற்றுங்கள், உச்சியில் நாலு கம்பி தொப்பியாக விரியுங்கள், ரேடியலைக் கூட்டுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர் ஏறினால் பயப்பட வேண்டாம், இழப்பு குறைகிறது என்று அர்த்தம். அப்புறம் மச்சிங் போடலாம்.

உப்புவெளி_40: 16 வயர் விரித்தேன், கொயில் அடியிலேயே இருக்கிறது. எஸ்.டபிள்யூ.ஆர் 2.3. நேற்றிரவு சென்னை ஒருவர் திரும்பினார். நன்றி, மழை வருகிறது.

கொட்டியாரம்: பிளக்கைப் பார்த்தீர்களா?